தாதிமை இல்லக் கட்டணம்: ஒரே பில், இரண்டு கணக்கு

சிங்கப்பூரில் ஆண்டுதோறும் சுகாதார அமைச்சின் செலவின ஒதுக்கீட்டை நாடாளுமன்றம் விவாதிக்கும்போது தாதிமை இல்லங்களைப் பற்றிய பேச்சு எப்படியும் வந்துவிடும். அப்போது இரண்டு தொகைகள் அடிபடும். மாதம் மூவாயிரம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் கேட்கிறார்கள், நடுத்தரக் குடும்பம் எங்கே போகும் என்பார் ஒருவர். மானியம் கழித்தால் சில நூறு வெள்ளிதானே என்று பதில் வரும். மறுநாள் நாளிதழில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் இருக்கும். படிப்பவர் யாரை நம்புவது?

இருவரையும் நம்பலாம். பிரச்சினை தொகையில் இல்லை. அந்தத் தொகை யாருக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தப் பையிலிருந்து என்பதில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

எது தாதிமை இல்லம்?

“ஹோம்ல விட்டுட்டாங்க” என்று நம் வீடுகளில் சொல்லும்போது அதற்குள் நாலைந்து வகை இடங்கள் அடங்கிவிடுகின்றன. காலையில் விட்டு மாலையில் அழைத்து வரும் இடம் முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையம். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்தபின் சில வாரங்கள் தங்கி நடை பழகும் இடம் சமூக மருத்துவமனை. ஓரளவு தாமே நடமாடும், ஆனால் கவனிக்க ஆளில்லாத முதியோருக்கென வேறு தங்குமிடங்கள் உண்டு. இவை எதுவும் தாதிமை இல்லம் அல்ல.

நாள் முழுவதும் தாதியரின் கவனிப்பு தேவைப்படுகிறவர்கள்தான் தாதிமை இல்லத்துக்குப் போகிறார்கள். தேவையின் அளவைப் பார்த்து முதியவர்களை நான்கு பிரிவாகப் பிரிக்கிறார்கள். மூன்றாம், நான்காம் பிரிவில் வருகிறவர்களுக்கே தாதிமை இல்லத்தில் இடம். பெரும்பாலும் படுக்கையில், அல்லது சக்கர நாற்காலியில் இருப்பவர்கள். முதுமை மறதி முற்றியவர்கள். மானியத்துடன் சேர வேண்டுமானால் மருத்துவமனையின் சமூக சேவை அதிகாரி போன்றோர் வழியாக ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்புக்கு விண்ணப்பம் போக வேண்டும். 2009இல் அமைக்கப்பட்ட இந்த அமைப்புதான் எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்துச் சேர்த்துவிடும்.

நடத்துகிறவர்களும் ஒரே வகையினர் அல்லர்.

1. அறநிறுவனங்கள். ஈசூனில் ஸ்ரீ நாராயண மிஷன் நடத்தும் இல்லம் இந்த வகை. ரென் சி, ஜாமியா போன்றவையும் அப்படித்தான். தொடங்கியது ஒரு சமூகமோ சமயமோ ஆனாலும் எல்லா இனத்தவரும் தங்குகிறார்கள்.

2. அரசாங்கம் கட்டிடத்தைக் கட்டித் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, நடத்தும் பொறுப்பை ஏலத்தில் விடுபவை. கடந்த பதினைந்து ஆண்டுகளில் எழுந்த புதிய இல்லங்கள் பெரும்பாலும் இவை.

3. தனியார் இல்லங்கள். கட்டணத்தைத் தாங்களே நிர்ணயிக்கின்றன. இவற்றில் சிலவற்றில் அரசாங்க மானியத்துக்கென ஒதுக்கிய படுக்கைகளும் உண்டு. ஒரே கூரையின்கீழ் ஒரே கஞ்சியைக் குடிக்கும் இருவர் வெவ்வேறு தொகை கட்டுவது இதனால்தான்.

பில்லைப் பிரித்துப் பார்த்தால்

மானியத்துக்கு அடிப்படை, குடும்பத் தனிநபர் வருமானம். அடையாள அட்டையில் ஒரே முகவரி உள்ள குடும்பத்தினரின் மாத வருமானத்தைக் கூட்டி, தலைக்கணக்கால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. எண் குறையக் குறைய மானியம் கூடும். தாதிமை இல்லத்துக்குக் குடிமக்களுக்கான உச்சம் நெடுங்காலம் 75 விழுக்காடாக இருந்தது. 2026 ஜூன் வரையிலான விதிப்படி, தனிநபர் வருமானம் 3,600 வெள்ளியைத் தாண்டினால் மானியமே இல்லை.

கணக்கு எளிதாகத்தான் தெரிகிறது. மூன்று குடும்பங்களைக் கற்பனை செய்து ஓட்டிப் பார்ப்போம்.

1. உட்லண்ட்ஸில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. பாட்டி, மகன், மருமகள், படிக்கிற இரண்டு பிள்ளைகள். மகனுக்கு 4,500, மருமகளுக்கு 3,000. மொத்தம் 7,500, ஐந்தால் வகுத்தால் 1,500 வெள்ளி.

2. ஈசூனில் மூவறை வீடு. தாயும், திருமணமாகாத மகளும் மட்டும். மகளின் சம்பளம் 5,200. இரண்டால் வகுத்தால் 2,600 வெள்ளி.

3. சிராங்கூன் கார்டன்ஸில் பழைய தரைவீடு. ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும். வருமானம் ஒரு காசு கிடையாது.

முதல் வீட்டில் மாதம் 2,300 வெள்ளி கூடுதலாக வருகிறது. ஆனாலும் அவர்களுக்குத்தான் மானியம் அதிகம், ஏனென்றால் வகுக்கத் தலைகள் கூடுதல். இரண்டாவது வீட்டு மகள்தான் தாயைக் கடைசிவரை கூட வைத்துப் பார்த்தவள். அவள் வேறு முகவரிக்குப் போயிருந்தால் அவள் சம்பளம் தாயின் கணக்கிலேயே சேர்ந்திருக்காது. திட்டம் தீட்டியவர்கள் இதை நினைத்துச் செய்யவில்லை என்பது உறுதி. ஆனால் விளைவு இதுதான், இதுவரை யாரும் இதற்கு நல்ல பதில் சொல்லி நான் கேட்டதில்லை. மூன்றாவது வீட்டில் வருமானம் இல்லாததால் வீட்டின் ஆண்டு மதிப்பைப் பார்ப்பார்கள். தரைவீட்டுக்கு அது உயரம். வீடு லட்சங்கள் பெறும், கையில் காசு இருக்காது, மானியமும் கிடைக்காது.

இனி, மாதக் கட்டணம் 3,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 75 விழுக்காடு மானியம் பெறுபவர் கட்டுவது 750. மானியம் இல்லாதவர் கட்டுவது முழுதும். அமைச்சர் முதலாமவரைச் சொல்கிறார், எதிர்க்கேள்வி கேட்பவர் இரண்டாமவரைச் சொல்கிறார். இருவருமே சொல்ல மறப்பது பில்லின் அடிப்பகுதி. பெரியவர்களுக்கான டயாப்பர், மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும் பால், காயத்துக்குக் கட்டுப்போடும் பொருள்கள், மருத்துவமனைக்குப் போய்வர வண்டி என்று பல இல்லங்களில் தனித்தனியாகக் கணக்கு எழுதுவார்கள். சேரும்போது முன்பணமும் கேட்பார்கள். சேர்க்கப்போகும் குடும்பம் முதலில் கேட்க வேண்டியது இந்தப் பட்டியலைத்தான்.

மெடிசேவ் இருக்கிறதே?

இந்த இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் மத்திய சேமநிதியில், மருத்துவச் செலவுக்கென மெடிசேவ் கணக்கு 1984இல் வந்தது. 1990இல் மெடிஷீல்ட் காப்புறுதி, 1993இல் ஏழைகளுக்கான மெடிஃபண்ட். 2015இல் மெடிஷீல்ட் லைஃப் எல்லாக் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் உள்ளே கொண்டுவந்தது. இவ்வளவு இருந்தும் தாதிமை இல்லத்தின் மாதக் கட்டணத்தை மெடிசேவிலிருந்து நேராகக் கட்ட முடியாது. மெடிஷீல்ட் லைஃப் அதற்கு இழப்பீடு தராது. மெடிஃபண்ட் மட்டும் கைகொடுக்கும், அதுவும் எல்லா வழியும் அடைபட்டவர்களுக்கு.

காரணம் எளிது. அந்த மூன்றையும் வடிவமைத்தபோது மனத்தில் இருந்தது மருத்துவமனை. நோய் வரும், படுப்பார், குணமாகி வீடு திரும்புவார். பில் பெரிதாக இருந்தாலும் ஒருமுறை வரும். தாதிமை இல்லத்தின் பில் அளவில் சிறிது, ஆனால் நிற்காது. மாதம் 1,500 வெள்ளி என்றாலும் ஐந்து ஆண்டில் 90,000 வெள்ளி. மெடிசேவைத் திறந்துவிட்டால் அது சீக்கிரம் வற்றிவிடும், பிறகு மருத்துவமனைக்கு என்ன செய்வது என்பது அரசாங்கத்தின் வாதம். நியாயம் இல்லாத வாதம் அல்ல.

சரி, நீண்டகாலப் பராமரிப்புக்கென்று தனிக் காப்புறுதி வேண்டுமே? அப்படி 2002இல் வந்ததுதான் எல்டர்ஷீல்ட். குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிப்பறைக்குப் போவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்ற ஆறில் மூன்றைப் பிறர் உதவியின்றிச் செய்ய முடியாவிட்டால் ரொக்கம் கிடைக்கும். தொடக்கத்தில் மாதம் 300 வெள்ளி, ஐந்தே ஆண்டுக்கு. 2007இல் அது 400 வெள்ளி, ஆறு ஆண்டு என்றானது.

இந்த ஆண்டுக்கணக்கை அமைச்சே வெளியிட்ட மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்று 65 வயதில் நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களில் இருவரில் ஒருவர் வாழ்நாளில் கடும் உடற்குறையைச் சந்திக்கக்கூடும். அப்படி ஆனவர்களில் பாதிப்பேர் நான்கு ஆண்டுக்கு மேல் அந்த நிலையில் இருப்பார்கள். பத்துப் பேரில் மூவர் பத்து ஆண்டுக்கு மேல். ஆறாவது ஆண்டோடு பணம் நின்றுவிட்டால் மீதி நான்கு ஆண்டுக்கு?

அந்த ஓட்டையை அடைக்க 2020 அக்டோபரில் கேர்ஷீல்ட் லைஃப் வந்தது. உயிர் உள்ளவரை பணம் வரும். முதல் ஆண்டில் மாதம் 600 வெள்ளி, 2025இல் 662. ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. 1980இலும் அதன் பிறகும் பிறந்தவர்களுக்கே இது கட்டாயம். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு விருப்பம். ஆக, இன்று தாதிமை இல்லத்தில் இருக்கும் தலைமுறைக்குப் பெரும்பாலும் பழைய எல்டர்ஷீல்ட்தான், அல்லது அதுவும் இல்லை. 2002இல் 70 வயதைத் தொட்டிருந்தவர்கள் எல்டர்ஷீல்டில் சேர்க்கப்படவில்லை.

2. ஆண்டுதோறும் தொகை உயர்வது, இன்னும் உரிமை கோராதவர்களுக்கு. பணம் வாங்கத் தொடங்கிவிட்டால் அந்த ஆண்டின் தொகையே கடைசிவரை. இல்லத்தின் கட்டணம் அப்படி ஓரிடத்தில் நிற்காது.

3. பெண்களுக்குச் சந்தா அதிகம். அவர்கள் நீண்டகாலம் வாழ்கிறார்கள், நீண்டகாலம் உடற்குறையோடும் இருக்கிறார்கள் என்பது காப்புறுதிக் கணக்கு. திட்டம் அறிவிக்கப்பட்ட 2018இல் மகளிர் அமைப்பான அவேர் இதை எதிர்த்தது. பிள்ளையையும் பெற்றோரையும் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவளிடமே கூடுதலாக வாங்குவதா என்ற கேள்விக்குக் காப்புறுதிக் கணக்கில் விடை கிடையாது.

குறை எங்கெங்கே

கட்டணத்தைப் பற்றிய சண்டை ஓயாத வேளையில் தரத்தைப் பற்றிய சண்டை தனியாக நடக்கிறது. இரண்டும் ஒரே முடிச்சின் இரு முனைகள்.

முதலில் இடப்பற்றாக்குறை. தாதிமை இல்லத்தில் படுக்கை கிடைக்காதவர் எங்கே இருப்பார்? பெரும்பாலும் மருத்துவமனையில். சிகிச்சை முடிந்தும் வீட்டுக்குப் போக முடியாமல் வார்டில் படுத்திருப்பார். அவர் எழுந்தால்தான் கீழே அவசரப் பிரிவில் நகர்படுக்கையில் காத்திருப்பவர் மேலே வர முடியும். 2014 தொடக்கத்தில் கிழக்கில் ஒரு பொது மருத்துவமனை கூடாரம் அடித்து நோயாளிகளைப் படுக்கவைத்தபோது நாடே அதிர்ந்தது. மருத்துவமனையைத் திட்டியவர்கள் அதிகம்; ஆனால் பின்னால் இருந்த பல காரணங்களில் நீண்டகாலப் படுக்கைகளின் பற்றாக்குறையும் ஒன்று. 2020இல் சுமார் 16,000 ஆக இருந்த தாதிமை இல்லப் படுக்கைகளை 2030க்குள் 31,000க்கு மேல் கொண்டுபோவது இப்போதைய திட்டம். பத்து ஆண்டில் ஏறக்குறைய இரட்டிப்பு. அப்போது குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்பதால் இதுவும் தாராளம் என்று சொல்லிவிட முடியாது.

இதில் அரசாங்கத்தை மட்டும் குறைசொல்லவும் முடியாது. 2012இல் பீஷானில் தாதிமை இல்லம் வருகிறது என்றதும் குடியிருப்பாளர்கள் எதிர்த்தார்கள். வெளிச்சம் மறையும், காற்று வராது என்று காரணங்கள் சொன்னார்கள். இல்லம் வேண்டும், ஆனால் நம் புளோக்குக்கு எதிரே வேண்டாம்.

அடுத்தது மேற்பார்வை. 2011இல் ஓர் இல்லத்தில் முதிய பெண்மணி முரட்டுத்தனமாகக் கையாளப்படுவதைக் குடும்பத்தார் மறைவாகப் படமெடுத்தார்கள். அது தொலைக்காட்சிக்கு வந்தது. அமைச்சு அந்த இல்லத்தில் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவைத்தது. குடும்பம் படமெடுக்கும்வரை யாருக்கும் தெரியாதா என்ற கேள்விதான் அதில் பெரிது. 2015 ஏப்ரலில் இல்லங்களுக்கான மேம்பட்ட தரவிதிகள் நடப்புக்கு வந்தன. 2023 டிசம்பரிலிருந்து தாதிமை இல்லங்கள் சுகாதாரச் சேவைகள் சட்டத்தின்கீழ் உரிமம் பெறுகின்றன.

மூன்றாவது, மரியாதை. மானியம் உள்ள இல்லங்களில் ஓர் அறையில் ஆறு, எட்டுப் படுக்கை போடுவது வழக்கம். 2016 வாக்கில் லியன் அறநிறுவனமும் கூட்டாளிகளும் ஒருவர், இருவர் தங்கும் அறைகள் கொண்ட இல்லம் ஒன்றைத் திட்டமிட்டார்கள். ஜேட் சர்க்கிள் என்று பெயர். அத்தகைய அறைகளுக்கு மானியம் தர அமைச்சு இசையவில்லை. எல்லாருக்கும் அப்படித் தர முடியாது, தாங்காது என்றது. அதற்குப் பின் கட்டிய இல்லங்களில் படுக்கைகளைச் சிறு குழுக்களாக, வீடு போலப் பிரித்து அமைக்கும் போக்கு வந்திருக்கிறது. ஆனால் தனக்கென்று கதவு உள்ள ஓர் அறை இன்றும் பெரும்பாலும் காசுள்ளவருக்கே.

நம்மவர்களுக்கு இதில் கூடுதலாக ஒன்று உண்டு. புள்ளிவிவரத்தில் வராதது. முதுமை மறதி முற்றும்போது பலருக்குப் பின்னால் கற்ற மொழிகள் முதலில் நழுவும், தாய்மொழி கடைசிவரை நிற்கும். துறைமுகத்தில் முப்பது ஆண்டு மலாய் பேசி வேலைபார்த்த தாத்தா தமிழுக்குத் திரும்பிவிடுவார். பக்கத்தில் இருக்கும் பராமரிப்பு ஊழியர் மியன்மாரிலிருந்தோ பிலிப்பீன்ஸிலிருந்தோ வந்தவர். “தண்ணி” என்பது அவருக்குப் புரியும்வரை தாத்தா கத்துவார். கத்துகிறவர் ‘தொல்லை தருபவர்’ என்று குறிப்பில் ஏறுவார். வாரம் ஒருமுறை தமிழ் பேசத் தெரிந்த தொண்டூழியர் ஒருவர் போய்வந்தாலே நிலைமை மாறும். எந்த இல்லம் என்று முடிவெடுக்கும்போது தமிழ் தெரிந்த ஊழியர் இருக்கிறாரா என்று கேட்பது ஆடம்பரக் கேள்வி அல்ல.

அரசியல் பிளவு எதில்?

அரசாங்கத்தின் நிலைப்பாடு ஒரே கோட்டில் போகிறது: முதலில் தனிமனிதர், பிறகு குடும்பம், பிறகு சமூகம், கடைசியில் அரசு. 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்ததும் இந்தச் சிந்தனையில்தான். கைவிடப்பட்ட பெற்றோர் தீர்ப்பாயத்துக்குப் போய்ப் பிள்ளையிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். தாதிமை இல்லத்துக்குக் கொடுக்கும் மானியத்தைவிட வீட்டுப் பராமரிப்புக்குக் கொடுக்கும் மானியத்தை ஒருபடி மேலே வைப்பதும் அதே காரணத்தால். இல்லம் மலிவானால் எல்லாரும் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள் என்ற அச்சம் அதன் அடியில் இருக்கிறது. எனக்கு அந்த அச்சம் மிகையாகப் படுகிறது. படுக்கையில் கிடக்கும் தாயை இல்லத்தில் சேர்க்கும் முடிவைக் கட்டணப் பட்டியலைப் பார்த்து மகிழ்ச்சியாக எடுக்கும் குடும்பம் அரிது.

எதிர்த்தரப்பில் மிக விரிவான மாற்று, 2012இல் சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சி வெளியிட்ட சுகாதாரத் திட்டம். மெடிசேவ், மெடிஷீல்ட், மெடிஃபண்ட் மூன்றையும் எடுத்துவிட்டு எல்லாரும் பங்களிக்கும் ஒரே பொது நிதி என்பது அதன் சாரம். யாருக்கு எப்போது படுக்கை வேண்டியிருக்கும் என்று தெரியாத நிலையில் சுமையைப் பரப்புவது நல்ல யோசனைதான். வேலை செய்யும் வயதினர் குறைந்துகொண்டே போகும் நாட்டில் அந்த நிதியில் யார் போடுவது என்ற இடத்தில் அது சிக்குகிறது. 2023இல் இங்கே கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள், 0.97.

நடைமுறையில் நடப்பது பெரிய மாற்றம் அல்ல, படிப்படியான நகர்வு. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தபடி, 2026 ஜூலையிலிருந்து மானியத்துக்கான வருமான வரம்பு 3,600இலிருந்து 4,800 வெள்ளியாகிறது. 1969இலும் அதற்கு முன்பும் பிறந்த குடிமக்களுக்குத் தாதிமை இல்ல மானியத்தின் உச்சம் 80 விழுக்காடு. வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கான பராமரிப்பு மானியத் தொகை 2019இல் மாதம் 200 வெள்ளியில் தொடங்கி, 2023இல் 400 வரை போய், 2026 ஏப்ரலில் 600 வரை ஏறுகிறது. ஈசூன் மகளுக்கு இதனால் பலன் உண்டு. ஆனால் அவளை இரண்டால் வகுக்கும் கணக்கு அப்படியே இருக்கிறது.

ஜோகூர் என்ற வால்

இந்த விவாதத்தில் மறக்கப்படாத பேச்சு 2009 பிப்ரவரியில் வந்தது. அப்போதைய சுகாதார அமைச்சர் காவ் பூன் வான், மலேசியாவின் எல்லை நகரான ஜோகூர் பாருவில் தாதிமை இல்லம் அமைத்தால் செலவு வெகுவாகக் குறையும் என்ற யோசனையை முன்வைத்தார். கணக்காகப் பார்த்தால் தப்பில்லை. தாதிமை இல்லச் செலவில் பெரும்பகுதி ஆள்கூலியும் இடமும். பாலத்துக்கு அப்பால் இரண்டும் மலிவு. ஆனால் கேட்டவர்கள் காதில் விழுந்தது வேறு. உழைத்து நாட்டைக் கட்டியவர்களை வயதானதும் எல்லை கடத்துவதா என்று கொதித்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து வந்த பொதுத்தேர்தல் வரையிலும் அந்தப் பேச்சு பின்தொடர்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், யாரும் அனுப்பாமலே சில குடும்பங்கள் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. அவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: 2010 மார்ச்சிலிருந்து மலேசியாவில் அங்கீகரிக்கப்பட்ட சில மருத்துவமனைகளில் மெடிசேவைப் பயன்படுத்த முடிகிறது, ஆனால் அது மருத்துவமனைச் சிகிச்சைக்கு. அங்குள்ள தாதிமை இல்லத்துக்குச் சிங்கப்பூரின் மானியம் கிடையாது. கேர்ஷீல்ட், எல்டர்ஷீல்ட் தொகை ரொக்கமாக வருவதால் அதை மட்டும் அங்கே செலவழிக்கலாம். ஆக, இங்கே 75 விழுக்காடு மானியம் பெறுகிறவருக்கு ஜோகூர் பெரிய மிச்சம் தராது. மிச்சம் பிடிக்கக்கூடியவர் மானியமே கிடைக்காத நடுத்தரக்காரர். அவருக்கும் இரவு இரண்டு மணிக்குத் தாய்க்கு மூச்சுத்திணறல் என்று அழைப்பு வந்தால் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசை எவ்வளவு என்று பார்க்க வேண்டியிருக்கும். உட்லண்ட்ஸ் நார்த்தையும் புக்கிட் சாகாரையும் இணைக்கும் ரயிலில் பயணம் ஐந்து நிமிடம்தானாம். இரவு இரண்டு மணிக்கு ரயில் ஓடாது.